முகத்தைக் காட்டச் சொன்ன அந்த நிமிஷம்

கொல்லங்கோடு டீச்சர்

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. எலெக்‌ஷன் டியூட்டி. அந்த வாரம் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டது, பூத்துக்குள் ஒரே ஃபேன். லிஸ்ட்டில் படத்தைப் பார்த்து ஆளை உறுதி செய்து பெயரைச் சத்தமாகப் படிக்கிற வேலை எனக்கு. ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடித்துவிடலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள், வராந்தா வரைக்கும் வரிசை.

நிகாப், அதாவது கண் மட்டும் தெரியும் முகத்திரை, போட்ட ஒரு பெண் ஸ்லிப்பை நீட்டினாள். மறைப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் அலுவலர் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மூலையில் அட்டை கட்டி வைத்திருந்ததும் நான்தான். ஆனால் எழுந்து நடக்க ஆயாசமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே "முகத்தைக் காட்டும்மா" என்றேன். கட்சி ஏஜென்ட்டுகள் நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையால் தூக்கினாள். மூக்குத் தண்டின் மேல் எலாஸ்டிக் பதிந்த சிவப்புக் கோடு, மேலுதட்டில் வியர்வை. கொழிஞ்சாம்பாறை ஸ்கூலில் தமிழ் மீடியத்தில் என்னிடம் படித்த பிள்ளை. முதல் பெஞ்ச். சாக்பீஸ் தீர்ந்தால் சொல்லாமலே ஓடிப்போய் எடுத்து வருவாள்.

மை வைத்து, ஓட்டுப் போட்டு, போகும்போது என் மேஜைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு வருஷமா உங்க பஸ்லதான் வர்றேன் டீச்சர். நான் பக்கத்துல உக்காந்தா நீங்க பையை எடுத்து மடியில வெச்சுக்குவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் மற்றவர்களை எல்லாம் ஒழுங்காக அட்டைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?

புதுநகரத்து மருமகள்

டீச்சர், நான் புதுநகரம்தான். ராவுத்தர் வீடு. எங்கள் நன்னி (பாட்டி) காலத்தில் இந்தக் கறுப்பு உடுப்பே கிடையாது, சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு போவார்கள், ஆண்கள் எதிரே வந்தால் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். வளைகுடாப் பணத்தோடு வந்த உடுப்புதான் கறுப்பு. ஆனாலும் அதற்குப் பழகியவர்களுக்கு அது உடம்பில் ஒரு பாகம் மாதிரி, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மாமி முப்பது வருஷமாக முகம் காட்டாமல் வெளியே போனவர். ஹஜ்ஜுக்குப் போனார். இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான விரத நிலையில், பெண்கள் நிகாப் கட்டக் கூடாது, கையுறையும் கூடாது, ஹதீஸிலேயே இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் நடுவில் முகம் திறந்து கஅபாவைச் சுற்றித் தவாஃப் செய்திருக்கிறார். திரும்பி வந்து நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் எங்களைப் பார்த்ததும் அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அங்க காத்து கன்னத்துல பட்டுச்சு புள்ளே." மறுநாளிலிருந்து பழையபடி நிகாப். கழற்றணும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காற்றைப் பற்றியும் அப்புறம் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

மீனாட்சிபுரம் மெடிக்கல்காரர்

டீச்சர் செய்ததில் தப்பு இல்லை என்பது என் கருத்து. இடம்தான் தப்பு. ஆளை அடையாளம் பார்க்காமல் ஓட்டு எப்படிப் போடுவது? ஏஜென்ட் யாராவது இரண்டு ரூபாய் கட்டி, இது அந்த ஆள் இல்லை என்று சேலஞ்ச் செய்தால் அப்போதும் ஆள் யார் என்று காட்டித்தான் ஆக வேண்டும். வாக்காளர் பட்டியலில் முகம் தெரிகிற படம் கூடாது என்று கேட்டுப் போட்ட வழக்கையே சென்னை உயர் நீதிமன்றம் 2006-லேயே தள்ளிவிட்டது. மேலே எழுதிய தங்கச்சி "உடம்பில் ஒரு பாகம்" என்கிறார். அப்படியென்றால் 2019-இல் எம்.இ.எஸ். என்ற கேரள முஸ்லிம் கல்விச் சங்கம் தன் கல்லூரிகளில் முகத்தை மூடும் உடுப்பு கூடாது என்று சர்க்குலர் போட்டதே, அதை நடத்துபவர்களும் முஸ்லிம்கள்தானே? உடனே மார்க்க அறிஞர்கள் அமைப்பான சமஸ்தாவிலிருந்து எதிர்ப்பு வந்தது, தெரியும். சமுதாயத்துக்குள்ளேயே பேசித் தீராத விஷயம் இது என்றுதான் சொல்ல வருகிறேன். நீதிமன்றத்துக்கும் அப்படித்தான். கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளே ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். அது தலைத் துணி பற்றி, முகத்திரை பற்றிக்கூட அல்ல.

என் அனுபவம் சின்னது. தங்கை கல்யாணத்துக்கு அப்புறம் நிகாப் போட ஆரம்பித்தாள். கொல்லங்கோட்டில் ஒரு நிக்காஹ் வீட்டு வாசலில் அவள்தான் என்று நினைத்து வேறு யாரிடமோ "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா" என்று கேட்டு நின்றேன். பதில் இல்லை. என் தோளில் இருந்த அவள் மகள், இரண்டு வயது, இறங்கி ஓடிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு கறுப்பு உடுப்புக்கு நடுவில் சரியாகத் தன் அம்மா காலைக் கட்டிக்கொண்டது. குழந்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. செருப்பையும் குதிகால் வெடிப்பையும் பார்த்துப் போயிருக்கிறது. கூடவே வளர்ந்த எனக்குத் தங்கையின் கால் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை.

குப்பம் அக்கா

ஆந்திராப் பக்கம் நாங்கள், துணி எடுக்க வாணியம்பாடிக்குத்தான் போவோம். மெடிக்கல்கார அண்ணா கோர்ட் கதை சொன்னதால் என் கதையும் சொல்கிறேன். மகளை நீட் தேர்வுக்குக் கூட்டிப் போனேன். கேட்டில் ஒரு பையன் "அது யாரு, மூஞ்சியே தெரியல" என்றான். மகள் அங்கேயே அழுதாள், கண்ணாடிக்குள் ஆவி பிடித்துப் படிக்கட்டு தெரியாமல் தடுமாறினாள். அவ்வளவுதான்.

அதனால் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். சீக்கிரம் போய்விடுங்கள். 2016-இல் கேரள உயர் நீதிமன்றம் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தலைத் துணியும் முழுக்கையும் போட்டுக்கொள்ளலாம் என்றபோது, அரை மணி நேரம் முன்னாடியே வந்து பெண் அலுவலரிடம் சோதனைக்கு நிற்க வேண்டும் என்றுதான் சொன்னது. முகம் காட்ட வேண்டியிருக்கும், அதைப் பெண் பார்க்கட்டும் என்று நீங்களே முதலில் வாய் திறந்து கேளுங்கள், அவர்கள் சத்தம் போடும் வரை காத்திருக்காதீர்கள். பின் குத்தாதீர்கள், மெட்டல் டிடெக்டர் கத்தும். கண்ணாடி போடுகிறவர்கள் எலாஸ்டிக் வேண்டாம், பின்னால் கட்டுகிற நாடா வைத்தது வாங்குங்கள், மூக்கின் மேல் படியக் கட்டிக் கீழே தளர விட்டால் மூச்சு கீழே இறங்கும், ஆவி அவ்வளவாக ஏறாது. வெயில் காலத்தில் இரண்டடுக்கு போடவே கூடாது, ஒற்றை அடுக்கு போதும். துணியைக் கடையிலேயே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்று பட வேண்டும். பாலியஸ்டர் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் குடிக்கத் தூக்க வேண்டுமே என்று சில பிள்ளைகள் நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்கிறார்கள், நீர்க்கடுப்பு வருகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுநகரத்து மருமகள்

அண்ணா, அடையாளம் பார்க்கக் கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? பூத்தில் நானும்தான் தூக்கிக் காட்டுகிறேன். நாலு ஆண்கள் பார்க்க உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்பதும் அட்டைக்குப் பின்னால் கேட்பதும் ஒன்றா? எம்.இ.எஸ். சர்க்குலர் கல்லூரிக்கு. ஓட்டுக்கு நிற்கிறவள் யாருடைய கல்லூரியிலும் நிற்கவில்லை.

கொல்லங்கோடு டீச்சர்

சண்டை வேண்டாம், என்னால் வந்தது. தப்பு என்னுடையதுதான், இடமும் தப்பு, நான் கேட்ட விதமும் தப்பு.

அண்ணா செருப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும்தான் ஞாபகம் வந்தது. அவள் அந்த வார்த்தையைச் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். ஊதா நிறச் செருப்பு, இடது வாரில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அன்றைக்கு அப்புறம் புதுநகரம் ஸ்டாப்பில் ஏறும் நிகாப் போட்டவர்களை எல்லாம் கண்ணைப் பார்த்து, இவளா அவளா என்று தேடிக்கொண்டே இருந்தேன். வெறித்துப் பார்க்கிறேன் என்று ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செருப்பு இதற்குள் மாறியிருக்கும். இருந்தாலும் நாளைக்கு 7.40 பஸ்ஸில் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரப் போகிறேன்.