புதுப்பிப்பு: காட்பாடியில் வழுக்கிய கிளாம்ப் நின்றுவிட்டது

வேர் சிகிச்சையின்போது, பாதி மட்டுமே முளைத்த கீழ்க் கடைவாய்ப்பல்லில் கிளாம்ப் (ரப்பர் டேமைப் பல்லில் பிடித்து நிறுத்தும் உலோகக் கவ்வி) நிற்காமல் தெறிக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பலர், எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமையே விட்டுவிடச் சொன்னீர்கள். 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் பார்னம் கண்டுபிடித்ததை, எச்சிலை உறிஞ்சும் 2 பஞ்சு உருளைகளுக்காகக் கைவிட எனக்கு மனமில்லை.

தீர்வு 14ஏ என்ற எண்ணுள்ள கிளாம்ப். அதன் தாடைகள் ஈறை நோக்கிச் சாய்ந்திருப்பதால் பல்லின் புடைப்புக்குக் கீழே பிடிக்கிறது. 4 முனைகளும் பல்லைத் தொட வேண்டும். ஈறைக் கவ்வக் கூடாது. கிளாம்ப்பை விரித்துப் போடும் இடுக்கியான ஃபோர்செப்ஸை எடுக்குமுன், இரு தாடைகளையும் இணைக்கும் வில் போன்ற வளைவை விரலால் அழுத்துங்கள். ஆடினால் கழற்றி வேறு அளவைப் போடுங்கள். ஈறு மரத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஃப்ளாஸ் நூலை மறக்காதீர்கள். கிளாம்ப்பின் ஒரு துளையில் மட்டும் கட்டினால் போதாது. வில்லில் சுற்றி இரு துளைகளிலும் கோத்து, நுனியை வாய்க்கு வெளியே விடுங்கள். கிளாம்ப் இரண்டாக உடைந்தாலும் இரு துண்டுகளும் கையில் வரும்.

ரப்பர் பல்லிடுக்கில் இறங்க மறுத்தால், நீரில் கரையும் ஜெல்லை உட்புறம் தடவி ஃப்ளாஸால் இறக்குங்கள். நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். மேலே இழுத்தால் ரப்பரும் கூடவே ஏறிவிடும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்தான்.

ஆற்காட்டிலிருந்து வரும் அம்மா, "இதோடு மூச்சு விடலாமா டாக்டர்?" என்று கேட்டார். மூக்கை மறைக்காமல் ரப்பரின் ஓரத்தை மடித்துவிட்டேன். சிகிச்சை முடியுமுன்னே தூங்கிவிட்டார்.