ஓடுபவர் மங்கல், வேலிக் கம்பி துல்லியம்: எங்கே தவறுகிறேன்?

வணக்கம் நண்பர்களே. திறந்தவெளிப் போட்டிகளைப் படமெடுக்கப் பழகிவருகிறேன். நேற்று மாலை ஓட்டப்பந்தயத்தில் 400 படங்கள் எடுத்தேன். தேறியவை பத்துகூட இல்லை. 300 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்திறப்பு) எஃப்/5.6, ஷட்டர் வேகம் 1/1000 நொடி, தொடர் ஃபோகஸ் (நகரும் ஆளைக் கேமரா விடாமல் பின்தொடரும் முறை). ஓடிவருபவரின் முகம் மங்கல். பின்னாலுள்ள கம்பிவேலியிலோ ஒவ்வொரு முடிச்சும் தெரிகிறது! அந்த ஷட்டர் வேகத்தில் கை நடுக்கத்தைக் குறை சொல்ல முடியாது; ஃபோகஸ்தான் பின்னால் தாவுகிறது என்று நினைக்கிறேன். ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா ஃபோகஸ் பிடிக்கும் இடங்கள்) அத்தனையையும் இயங்க விட்டது பிழையா? நடுப்புள்ளியை மட்டும் வைத்தால் ஆள் நழுவிவிடுகிறார்.

வெயில் சாய்ந்ததும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200-ஐத் தாண்டி, படமெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகிவிட்டது. ஷட்டரை 1/500-க்கு இறக்கி ஐஎஸ்ஓவைக் குறைக்கலாமா, மணலைப் பொறுத்துக்கொள்வதா? புதிய லென்ஸ் வாங்கச் சொல்லிவிடாதீர்கள்; வீட்டில் அனுமதி இல்லை.