இரண்டடித் தொட்டியில் சாதுவான கடல்மீன்கள், எங்கே பிழை விட்டேன்?

உப்புவெளி_தொட்டி:
வணக்கம். வீட்டில் 70 லீற்றர் தொட்டி, கடல்நீர் விட்டு மூன்று மாதம். ஒரு சோடி கோமாளி மீன், ஒரு டொமினோ டாம்சல், போன கிழமை இரண்டு ஃபயர்ஃபிஷ். எல்லாமே சாதுவான மீன்கள் என்றுதான் கடையில் சொன்னார்கள். நேற்று விடியப் பார்த்தால் ஒரு ஃபயர்ஃபிஷ் மேசைக்குப் பின்னால் நிலத்தில் காய்ந்து கிடக்கிறது, முதுகில் இருக்கும் அந்த நீண்ட வெள்ளை இழை நிலத்தோடு ஒட்டியபடி. மனசே சரியில்லை. மற்றது கல்லுக்குள் புகுந்ததுதான், சாப்பாட்டுக்கும் வருவதில்லை. மீன்கழிவால் வரும் நஞ்சுகள், அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம். மத்தியானத்தில் தண்ணீர் 30 பாகைக்கு ஏறுகிறது. சூட்டில் துள்ளியதா?

நிலாவெளி_அக்கா:
தம்பி, சூட்டைப் பார்க்க முதல் அந்த டொமினோவைப் பாருங்கள். நெற்றியில் ஒன்று, விலாவில் ஒவ்வொன்று என்று வெள்ளைப் பொட்டோடு குஞ்சில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் 14 சென்ரிமீற்றர் வரை வளரும், முழுத் தொட்டியும் தன்னுடையது என்றுதான் நிற்கும். பிறகு வந்த மீனை அது விடவே விடாது. இரண்டாவது, ஃபயர்ஃபிஷ் உண்மையான சோடியாக இல்லாவிட்டால் சின்ன இடத்தில் தங்களுக்குள்ளேயே துரத்தும், ஆகவே பழி முழுக்க டொமினோமேல் இல்லை. பயந்தால் இந்த மீனுக்குத் தெரிந்த வழி இரண்டுதான், பொந்து, இல்லையென்றால் மேலே பாய்ச்சல். மூடி இல்லைத்தானே? கண்ணாடியால் மூடாதீர்கள், சூடு கூடும். நுளம்புவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் போதும், ஆனால் வயர் போகிற மூலையில் கூட இடைவெளி விடக்கூடாது, என்னுடைய மீன் ஒன்று அந்த இரண்டு விரல் இடைவெளியால்தான் போனது.

கொட்டியாரக்குடா:
டொமினோவைப் பிடிக்கக் கல்லையெல்லாம் கிளறாதீர்கள். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகத் திரும்பவும் உள்ளே செருகி, கொஞ்சம் இறால் துண்டு போட்டு வையுங்கள், துணிச்சலான மீன்தான் முதலில் நுழையும். பிடித்ததைக் கடலில் விடவேண்டாம், கடைத்தண்ணீரில் நின்ற மீன் நோயைக் கொண்டுபோகும். பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள்.

தண்ணீர் எங்கே அள்ளுகிறீர்கள்? மாரியில் மகாவலி ஆற்று வெள்ளம் திருகோணமலைப் பக்கக் கொட்டியாரக்குடாவில்தான் விழுகிறது, உப்பில்லாத ஆற்றுநீர் பாரம் குறைவு என்பதால் மேலே படர்ந்து நிற்கும், நீங்கள் வாளியில் அள்ளுவதும் அந்த மேல்தண்ணீரைத்தான். ஒவ்வொரு முறையும் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை அளந்து பாருங்கள், 1.025க்குக் கிட்ட வரவேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் நான் உப்புக் கலவைக்கு மாறிவிடுவேன். சூட்டுக்கு ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேற்பரப்பில் அடிக்க விட்டாலே இரண்டு மூன்று பாகை இறங்கும், அப்புறம் ஆவியாகிக் குறைவதைக் குளோரின் இல்லாத நன்னீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல, உப்பு உள்ளேயேதான் நிற்கிறது.

உப்புவெளி_தொட்டி:
நன்றி அக்கா, அண்ணா. அளந்து பார்த்தேன், 1.020! போன வாரம் மழைக்குப் பிறகு அள்ளிய தண்ணீர். உடனே உப்பு சேர்க்கவா? டொமினோ போனபிறகு பச்சைக் குரோமிஸ் ஆறு விடலாமா?

நிலாவெளி_அக்கா:
உப்பை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், தண்ணீர் மாற்றும்போது சரியான கலவையை விட்டு நாளுக்கு 0.001 அளவில் ஏற்றுங்கள். குரோமிஸ் வேண்டாம், சின்னத் தொட்டியில் ஒன்றையொன்று கொத்திக் கொத்திக் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். ஆசையென்றால் பங்காய் கார்டினல் ஒன்று, தொட்டியில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், இந்தோனேசியாவின் பங்காய் தீவுப்பக்கம் கடலில் அது அருகிவிட்டது. நோய் இருக்கிறதா என்று நாலு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். மீன் பிடிக்க என்று நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுப் பக்கம் வலையோடு போகவே வேண்டாம், 2003இலிருந்து அது தேசியப் பூங்கா.

உப்புவெளி_தொட்டி:
மூன்றாம் இரவு டொமினோ போத்தலுக்குள். இன்று காலை ஃபயர்ஃபிஷ் தலையை மட்டும் வெளியே நீட்டி, அந்த வெள்ளை இழையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு ஒரு இறால் துணுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. வலை கட்டிவிட்டேன், மூலையையும் அடைத்தாயிற்று.