ஆர்.ஓ. தண்ணி ஊத்தின புதுத் தொட்டி: 23 நாளாகியும் அமோனியா இறங்குதில்லை

நெடுங்கேணிப் புதுத்தொட்டி

வணக்கம். தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குலம் உயரம். அடியில கழுவின ஆத்துமணல் 14 கிலோ. ஸ்பொஞ் பில்ரர் இரவு பகலா ஓடுது. எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி, கேத்தில்ல வெள்ளைப்படை பிடிக்கும். அதால ஆர்.ஓ. தண்ணி, அதாவது இயந்திரத்தில வடிச்சு உப்பெடுத்த தண்ணி, 3 கான், மொத்தம் 60 லீற்றர் வாங்கி ஊத்தினன். மீன் விட முதலே அமோனியாவை உடைக்கிற பக்டீரியா வளரட்டும், தொட்டியைப் பழக்குவம் எண்டு நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுறன்.

நாலாம் நாள் தண்ணி பால்மாதிரிக் கலங்கிப் பிறகு தெளிஞ்சிட்டுது. 14ஆம் நாளுக்குப் பிறகு ஒரு மாற்றமும் இல்லை. இண்டைக்கு அளந்தது: அமோனியா 4, நைத்திரைற்று 0.5, நைத்திரேற்று 5 (மூண்டும் லீற்றருக்கு மில்லிகிராம்), பி.எச் 6. கடையில இன்னொரு போத்தல் பக்டீரியா மருந்து வாங்கி ஊத்தச் சொல்லினம். வாங்கவோ? இல்லாட்டி நாலு கப்பி மீன் விட்டுப் பார்க்கவோ?

குளக்கட்டு

ரெண்டும் வேண்டாம். நாலாம் நாள் வந்த கலங்கலை விடுங்கோ, அது புதுத்தொட்டி எல்லாத்திலயும் வாறது. பிரச்சினை பி.எச் 6 எண்ட அந்த ஒரு எண்ணிலதான் இருக்கு. அதைவிடக் குறைவைக் காட்ட உங்கட கிற்றில நிறமே இல்லாமலும் இருக்கலாம், உண்மையில 6க்குக் கீழயும் போயிருக்கும்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பை மட்டும் எடுக்கிறதில்லை, பைகாபனேற்றையும் சேர்த்து எடுத்துப்போடும். பில்ரர் பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாவும் பிறகு நைத்திரேற்றாவும் மாத்தேக்க அமிலம் உண்டாகுது. அந்த அமிலத்தை விழுங்கிறது பைகாபனேற்றுத்தான். அது இல்லாத தண்ணியில பி.எச் சரசரவெண்டு இறங்கும். 6.5க்குக் கீழ பக்டீரியா சோம்பும், 6க்குக் கிட்ட வேலையே நிண்டிடும். புதுப் போத்தல் ஊத்தினாலும் வாற பக்டீரியாவுக்கும் இதே கதிதான்.

கே.எச் எண்டால் தண்ணியில உள்ள பைகாபனேற்றின்ர அளவு, அதை அளக்கிற ரெஸ்ற் கிற் ஒண்டு வாங்குங்கோ. 5 மில்லி தண்ணி எடுத்து, ஒவ்வொரு துளியாப் போட்டுக் குலுக்கி, நீலம் மஞ்சளாகிறவரைக்கும் எண்ணுங்கோ. ஒரு துளி ஒரு டிகிரி. கிணறு, ஆர்.ஓ., தொட்டி மூண்டையும் பாருங்கோ. கரைஞ்ச எல்லாத்தையும் சேர்த்து அளக்கிற டி.டி.எஸ். மீற்றர் இதுக்கு உதவாது. கறியுப்புக் கரைஞ்சாலும் அதில எண் கூடித்தான் காட்டும்.

நெடுங்கேணிப் புதுத்தொட்டி

பார்த்தன் அண்ணை. கிணறு 18 துளி. ஆர்.ஓ. முதல் துளியிலயே மஞ்சள். தொட்டியும் அப்பிடியே முதல் துளியில மஞ்சள். இன்னொரு விசயம், வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட்டவை. அஞ்சு நாள் ஆகுது.

முல்லைக்கரை

அப்பச்சோடா போட்டால் உடன கே.எச் ஏறும். 60 லீற்றருக்கு மட்டமா ஒரு தேக்கரண்டி போட்டால் ஏறத்தாழ ரெண்டரை டிகிரி. சிப்பியை உடைச்சு வலைப்பைக்குள்ள போட்டு பில்ரருக்குப் பக்கத்தில தொங்கவிட்டாலும் மெல்ல மெல்ல ஏறும். ஆனால் சிப்பி கலந்திருக்கெண்டு கடற்கரை மணலை அடியில கொட்டிப்போடாதேங்கோ. பிறகு கடினத்தன்மை எங்க போய் நிக்கும் எண்டு உங்கட கையில இல்லை. எந்த மணல், கல்லெண்டாலும் தொட்டிக்குள்ள போக முதல் வினாகிரி ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்கோ. நுரைச்சால் அதில சுண்ணாம்பு இருக்கு.

குளக்கட்டு

முல்லைக்கரை சொல்லுறது சரி, ஆனால் இவருக்குச் சோடாவும் வேண்டாம் சிப்பியும் வேண்டாம். 18 டிகிரித் தண்ணி வீட்டு வளவுக்குள்ளேயே கிடக்கு. சோடாவால கே.எச் மட்டுந்தான் ஏறும், மீனுக்கு வேண்டிய கல்சியமும் மக்னீசியமும் கிணத்துத் தண்ணியில இருக்கு. கல்லுத்தண்ணி மீனுக்குக் கூடாதெண்டு நினைச்சதுதான் பிழையாப் போச்சு. கப்பி, மொல்லி, பிளாற்றி எல்லாம் கல்லுத்தண்ணியை விரும்பிற சாதி.

கிணறு ஒரு பங்கு, ஆர்.ஓ. ரெண்டு பங்கு எண்டு கலந்தால் 6 டிகிரி வரும், தாராளமாக் காணும். தொட்டியில இருந்து 20 லீற்றரை இறக்கிப்போட்டு 20 லீற்றர் கிணத்துத் தண்ணி விடுங்கோ. ஆனால் குளோரின் போட்ட கிணறெண்டபடியால் நேர விடக்கூடாது. வாளியில எடுத்து, காற்றுக்கல்லைப் போட்டு 24 மணித்தியாலம் ஓடவிடுங்கோ. அதுக்குப் பிறகும் மணம் இருந்தால் அன்ரி குளோரின் மருந்து, போத்தல்ல உள்ள அளவுப்படி. குளோரினோட போனால் மூண்டு கிழமையா ஸ்பொஞ்சில வளர்ந்ததும் செத்துப்போகும். ஸ்பொஞ்சையும் பைப்புக்குக் கீழ பிடிச்சுக் கழுவாதேங்கோ. அடைச்சால் இறக்கின தொட்டித் தண்ணியிலயே ரெண்டு தரம் பிழிஞ்சால் போதும்.

மீன் உள்ள தொட்டியில இந்த வைத்தியத்தை ஒரேயடியாச் செய்யக்கூடாது, இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். பி.எச் 6ல அமோனியாவில ஆயிரத்தில ஒரு பங்குகூட நஞ்சு வடிவில இல்லை. எங்கட வெக்கைக்குத் தண்ணி 30 பாகையில நிக்கேக்க பி.எச் 8க்கு ஏறினால் நூற்றுக்கு ஏழு பங்கு நஞ்சாகும். அளவு மாறாத அதே அமோனியா, நூறு மடங்குக்குக் கிட்டக் கொடியதாகும். உங்கட தொட்டி வெறுமனே இருக்கிறபடியால் பயமில்லை.

சாப்பாடு போடுறதை இப்ப நிப்பாட்டுங்கோ. மணலில தங்கினதே அழுகி அமோனியா தரும்.

நெடுங்கேணிப் புதுத்தொட்டி

செய்து ஆறு நாள். கே.எச் 6, பி.எச் 7.6, அமோனியா 0. ஆனால் நைத்திரைற்று கிற்றின்ர கடைசி நிறத்துக்கு ஏறிட்டுது!

குளக்கட்டு

அமோனியாவை உடைக்கிற கூட்டம் எழும்பிட்டுது, நைத்திரைற்றைத் தின்னுற கூட்டம் மெதுவா வளருறது. கிற்றின்ர உச்ச நிறத்தில நிண்டால் பாதித் தண்ணியை மாத்துங்கோ: 10 லீற்றர் கிணறு, 20 லீற்றர் ஆர்.ஓ. இன்னும் ஒண்டு ரெண்டு கிழமை எடுக்கலாம். கே.எச்சைக் கிழமைக்கு ஒருக்காப் பாருங்கோ. கிற்றில 3 எண்டு காட்டுற அளவு அமோனியா உடைஞ்சால் கே.எச் ஒரு டிகிரி கரைஞ்சிடும்.

நைத்திரைற்று 0 ஆனதும் பரீட்சை வையுங்கோ. சாப்பாட்டால அமோனியாவை அளந்து ஏத்த ஏலாது. கோது உரிச்ச இறால் ஒண்டைத் துணியில முடிஞ்சு தொங்கவிட்டு, அமோனியா 2 காட்டினவுடன எடுத்துப்போடுங்கோ. 24 மணித்தியாலத்தில அமோனியா, நைத்திரைற்று ரெண்டும் 0 எண்டால் தொட்டி தயார். பாதித் தண்ணியை மாத்திப்போட்டு முதல்ல நாலு கப்பி மட்டும். ரெண்டு கிழமைக்குப் பிறகு மற்றதுகள்.

முல்லைக்கரை

காற்று மோட்டரைத் தண்ணி மட்டத்துக்கு மேல வையுங்கோ, இல்லாட்டிக் குழாயில ஒரு வழி வால்வ் போடுங்கோ. கரண்ட் போகேக்க தண்ணி குழாய் வழியாத் திரும்பி மோட்டருக்குள்ள இறங்கும். பற்றரியில ஓடுற சின்ன மோட்டர் ஒண்டும் கைவசம் இருக்கட்டும். வெக்கைத் தண்ணியில ஒட்சிசன் குறைவாத்தான் கரையும்.

நெடுங்கேணிப் புதுத்தொட்டி

நன்றி ரெண்டு பேருக்கும். தண்ணி ஆவியாகி ஒரு அங்குலம் இறங்கிட்டுது. அதுக்கும் இதே கலவையோ?

குளக்கட்டு

இல்லை, அதுக்குத் தனி ஆர்.ஓ. மட்டும். தண்ணிதான் ஆவியாப் போகுது, உப்பும் சுண்ணாம்பும் தொட்டிக்குள்ளதான் நிக்குது. கலவை, தண்ணி மாத்தேக்க மட்டும்.