சோலார் நிதி: பில் வருகிற இடத்தில் போடுவோம்

எல்லோருக்கும் வணக்கம்.

மஸ்கட் தம்பி நம் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பிய சோலார் திட்டத்தையும் அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். பாதிப் பணம் ஒரு நிறுவனத்தின் நன்கொடையாக வரும், மீதியை நாம் திரட்டி முதலில் தெருவிளக்குகள் போடுவோம், நன்றாக நடந்தால் சுற்றுவட்டாரத்துக்கும் கொண்டுபோகலாம் என்கிறார். பணம் போட நானும் தயார். ஆனால் தெருவிளக்குதான் உறுத்துகிறது.

மாரியம்மன் கோயில் முக்கில் ஏற்கெனவே ஒரு சோலார் விளக்கு நிற்பதை ஊருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. பேட்டரிப் பெட்டியின் கதவு ஒரு கீலில் தொங்குகிறது, உள்ளே வெறும் ஒயர். பேனல் முழுக்கக் காக்கா எச்சம். கபடிப் போட்டிக்கு ஃபிளெக்ஸ் கட்டத்தான் கம்பம் உதவுகிறது. பஞ்சாயத்தில் கேட்டால் அது எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள். கொடுத்தவருக்குத் திறப்பு விழாவோடு வேலை முடிந்தது. இதே மாதிரி இன்னும் நாற்பது நட்டால், சில வருடத்தில் நாற்பது ஃபிளெக்ஸ் கட்டலாம்.

மானியத்தில் தொடங்கி உண்மையிலேயே பெருகிய திட்டம் எது என்று கேட்டால் நான் வங்கதேசத்தைத்தான் காட்டுவேன். 2003-இல் அங்கே இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம், உலக வங்கி உதவியோடு, கரண்ட் எட்டாத கிராமத்து வீடுகளுக்குச் சின்ன சோலார் செட் கொண்டுபோக ஆரம்பித்தது. 2008-க்குள் 50,000 வீடு என்பது இலக்கு. 2005-லேயே அதைத் தொட்டுவிட்டார்கள். 2018 வாக்கில் 41 லட்சம் செட்டுகளைத் தாண்டியிருந்தது. செட்டைச் சும்மா கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். வீட்டுக்காரர் 10, 15 சதவீதம் முன்பணம் கட்ட வேண்டும், மீதி தவணை. கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள்தான் விற்றன, மாட்டின, தவணையும் வசூலித்தன. பேட்டரி மக்கர் செய்தால் தவணை வாங்க வருகிற ஆளையே பிடித்து நிறுத்திக் கேட்கலாம். சரி செய்யாவிட்டால் அடுத்த தவணை வராது என்று அவருக்கும் தெரியும். மானியம் முதலில் ஒரு செட்டுக்கு 90 டாலர். வருடம் போகப் போக அதைக் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு சின்ன செட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுவும் மாட்டியாயிற்றா என்று ஆள் போய்ப் பார்த்த பிறகுதான் கைக்கு வரும்.

அதே திட்டம் 2013-க்குப் பிறகு இறங்கியது. கரண்ட் கம்பி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தது ஒரு காரணம். அரசே இன்னொரு கையால் சோலார் செட்டை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது இன்னொன்று. பக்கத்து வீட்டுக்குச் சும்மா கிடைத்தால் நான் மட்டும் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள்தானே?

பீகாரில் தர்ணாய் என்ற ஊர். முப்பது வருடத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தது. 2014-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 100 கிலோவாட்டில் ஊருக்கென்றே தனி சோலார் மின்நிலையம் அமைத்துக் கொடுத்தது, 450 வீடுகளுக்கு. அப்போது முன்னாள் முதல்வராக இருந்த நிதிஷ் குமார் வந்தபோது மக்கள் எங்களுக்கு உண்மையான கரண்ட் வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். ஃபிரிட்ஜ் மாதிரி எதையும் அதில் போடக்கூடாது, யூனிட் விலையும் அதிகம். கொஞ்ச நாளிலேயே அரசுக் கரண்ட் மலிவாக வந்துவிட்டது. பேட்டரிகள் ஓய்ந்தபோது மாற்ற யாருக்கும் மனமில்லை, பணமும் இல்லை. அந்த இடத்தில் பிறகு மாடு கட்டினார்கள். கம்பி எப்படியும் ஒருநாள் வரும் என்று நினைத்து, வந்ததும் அதோடு சேர்கிற மாதிரி அமைத்திருந்தால் அந்த பேனல்கள் இன்றும் சம்பாதித்துக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம்.

நம் மாநிலத்திலேயே மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலில் மரக்கழிவை எரித்துத் தண்ணீர் இறைத்துப் பார்த்தார்கள். 2006-இல் சேமிப்பு 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்று வாங்கினார்கள். காற்றாலை இருப்பது ஊரில் இல்லை, காற்று இருக்கிற உடுமலைப்பேட்டை பக்கம். ஊர்த் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். தண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் வந்த கரண்ட் பில்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வயல் மோட்டாருக்கு முழுக்க இலவசம். வயலிலும், இலவச யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டிலும் நாம் சோலார் போட்டால் யாருக்கும் ஒரு ரூபாய் மிச்சமாகாது, மிச்சமாகாத இடத்தில் யாரும் பேனலைத் துடைக்கவும் மாட்டார்கள். மாடியில் போட ஆசைப்படுகிற வீட்டுக்காரருக்கு சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மத்திய அரசே தருகிறது, நம் காசு எதற்கு? பஞ்சாயத்து உண்மையில் பில் கட்டுவது தெருவிளக்குக்கும் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கும்தான். அதில் பகலில் ஓடுவது மோட்டார்.

அதனால் என் யோசனை இது. தெருவிளக்கை விட்டுவிட்டு, வடக்குத் தொட்டி மோட்டாருக்கு 5 கிலோவாட், பேட்டரி இல்லாமல், வாரியக் கம்பியோடு இணைத்து. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்றால் 20 யூனிட் வரும். இடம் 500 சதுர அடி போல வேண்டும். பள்ளிக்கூட மாடி காலியாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். எந்த இணைப்பில் மாட்டுகிறோமோ அந்த பில்தான் குறையும், அதனால் தொட்டிப் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். இன்னொன்றையும் ஊரில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். சொல்லாமல் போட்டால் முதல் மின்வெட்டிலேயே 'சோலார் வேலை செய்யவில்லை' என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

பணம் கைமாறும் முன் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். பில்லில் குறைகிற தொகையில் பாதி தனிக் கணக்குக்குப் போக வேண்டும், அதிலிருந்துதான் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வாரியக் கரண்டு மாதிரி மாற்றுகிற பெட்டி) பழுதும் தெற்குத் தொட்டியின் அடுத்த செட்டும். தெற்குத் தொட்டிக்கு நாம் பாதி கொடுத்தால் போதும், மூன்றாவதுக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. பக்கத்து ஊர்க்காரர்களிடம் இந்தக் கணக்கு நோட்டைக் காட்டினால் போதும், நம்மிடம் நன்கொடை கேட்காமலே செய்யலாமா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் அனுப்புகிற பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க சங்கத்துக்குத் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆகவே என்னைப் போன்றவர்கள் ஆர்வத்தில் உடனே அனுப்பிவிடாமல், செயலாளர் அண்ணன் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லும்வரை பொறுங்கள்.

ஊரில் இருக்கிறவர்கள் யாராவது டேங்க் ஆபரேட்டரிடம் அந்த மோட்டாரின் சர்வீஸ் நம்பரையும், ஒரு வருடத்து பில்களையும் வாங்கிப் படம் எடுத்துப் போடுங்கள். மோட்டார் எத்தனை எச்.பி., காலையில் எத்தனை மணிக்குப் போடுகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மஸ்கட் தம்பி, அந்த நிறுவனத்திடம் தெருவிளக்குக்குப் பதில் இதற்குத் தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து டல்லாஸ் வந்தவன்