புதுப்பிப்பு: கறுப்புத் திரை கொமடோர் 64

போன மாதம் கேட்டிருந்தேனே, மாமா வீட்டு ஸ்டோர் ரூமில் கிடைத்த கொமடோர் 64 (1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்) ஆன் செய்தால் வெறும் கறுப்புத் திரை என்று? "முதலில் அடாப்டரைப் பாருங்கள்" என்றவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 7க்கு மேல்! ரெகுலேட்டர் (வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகம்) போன பழைய அடாப்டர் மெமரி சிப்பைத் தின்றுவிடுமாம். எட்டு மெமரி சிப்பில் ஒன்று தொட்டாலே சுட்டது.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் (எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள கட்டிடம்) சிப்பைச் செருகும் சாக்கெட் வாங்கி, 4164 என்ற மெமரி சிப்பை ஆன்லைனில் வரவழைத்து மாற்றினேன். சாலிடர் எடுக்கும்போது போர்டில் ஒரு பேட் (சிப்பின் காலைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) கையோடு வந்துவிட்டது; மெல்லிய வயர் இழுத்துச் சமாளித்தேன். நேற்று ராத்திரி நீலத் திரையில் '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ' என்று அதன் தொடக்கச் செய்தி! அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ நாள்?" என்றார்.

அடாப்டர் புதுசு வாங்கியாச்சு. சத்தம்தான் இன்னும் வரவில்லை. சத்தத்துக்கான சிட் சிப்பும் போயிருக்குமோ?