நைட்ரைடு செய்யும் முன் ரைஃபிள் பாகங்களை எப்படித் தயார் செய்வது?

வணக்கம். என் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் துரு திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணெய் போட்டே அலுத்துவிட்டது. அதனால் குழல், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்), ரிசீவர் (போல்ட் ஓடும் உடல் பகுதி) மூன்றையும் உப்புக் குளியல் நைட்ரைடுக்கு, அதாவது உருகிய உப்பில் மூழ்கவைத்து மேல்பரப்பைக் கடினமாக்கும் முறைக்கு, கொடுக்கப் போகிறேன். பூச்சு என்கிறோமே தவிர, நைட்ரஜன் எஃகின் மேல்பரப்புக்குள் ஊடுருவுகிற வேலை இது. கீறல், குழி எதையும் மறைக்காது, அப்படியே கறுப்பாகக் காட்டிவிடும்.

ஸ்பிரிங்குகளை எல்லாம் கழற்றிவிட்டேன். குளியல் 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும், அந்தச் சூட்டில் அவற்றின் விறைப்பு போய்விடும். அலுமினிய டிரிகர் கார்டும் தனியே இருக்கிறது.

சிக்கல் முன் குறிமுள்ளில்தான் (குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முள்). அது குழலோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஈயப் பற்றாக இருந்தால் 200 டிகிரியை ஒட்டியே உருகிக் கழன்றுவிடும். வெள்ளிப் பற்றா ஈயப் பற்றா என்று பாகத்தைக் கெடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், பழைய புளூயிங்கை (எஃகின் மேல் உள்ள கருநீலத் துருத்தடுப்புப் படலம்) அமிலத்தில் எடுப்பதா, மணி வீச்சிலா (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசிச் சுத்தம் செய்வது)? குழலின் உட்புறம் அமிலத்தில் அரித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போல்ட் லக்குகளை (போல்ட்டை ரிசீவரில் பூட்டும் முனைப்புகள்) முன்பே தேய்த்துப் பொருத்த வேண்டும் என்பது தெரியும், பின்னால் மேல்பரப்பு அரத்துக்கே மசியாது.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.